டர்பனில் ஹீட்டரைத் துண்டித்த கார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடிக் கூழுக்கும் ஜூலைப் பள்ளி விடுமுறைக்கும் டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் பக்கம் வரும் பழைய சிறு கார்களின் பானெட்டைத் திறந்தால், எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். ஹீட்டரின் இரண்டு குழாய் முனைகள் மொட்டையாக நிற்கும். அவற்றில் மாட்டியிருக்க வேண்டிய ரப்பர் ஹோஸ் இரண்டையும் ஒரு துண்டுப் பைப்பை வைத்து ஒன்றோடொன்று இணைத்திருப்பார்கள். அதாவது, அந்தக் காரில் ஹீட்டரே கிடையாது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பது புரியாமல் இல்லை. எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் காருக்குள் தரும், டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர் ஒழுகினால், பல கார்களில் டேஷ்போர்டைப் பாதியாவது பிரித்தால்தான் அதை வெளியே எடுக்க முடியும். பொருளின் விலையைவிடக் கூலி எகிறிவிடும். ‘டர்பனில் யாருக்கு ஹீட்டர்?’ என்று மெக்கானிக் கேட்டால் தலையாட்டத்தான் தோன்றும். ஆனால் அதே கார் ஜோஹன்னஸ்பர்க் வரும் என்-3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் மலைக் கணவாய் ஏறும்போது மூடுபனி, உள்ளே ஐந்து பேரின் மூச்சு, முன்கண்ணாடி முழுக்க வெள்ளை. கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து ஓட்டுவது ஓட்டுவதாகாது. 2024 செப்டம்பரில் பனி கொட்டி அந்தச் சாலை மூடப்பட்டபோது, வண்டிகள் இரவெல்லாம் அங்கேயே நின்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கப் பார்த்தால், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஃபேனையும் வேகமாக ஓடவிட்டால் அது இரண்டாவது ரேடியேட்டராக வேலை செய்து கொஞ்சம் சூட்டை இறக்கும். ஓரமாக நிறுத்த இடம் கிடைக்கும்வரை அது போதும். துண்டித்த காரில் அதற்கும் வழியில்லை. ஹோஸ்களை இணைக்காமல் தனித்தனியாக அடைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். சில எஞ்சின்களில் அந்த வழியே ஓடும் தண்ணீர்தான், எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டுக்குச் சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஹீட்டர் சுடவில்லை என்றதும் பழியைக் குட்டி ரேடியேட்டர் மேல் போடுவது தவறு. முதலில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் அளவைப் பாருங்கள். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது. பெரும்பாலான கார்களில் ஹீட்டர் எஞ்சினின் மேல்மட்டத்தில் இருப்பதால், ஒரு லிட்டர் குறைந்தாலே அங்கே காற்று சேர்ந்துவிடும். முன்னே இருக்கும் ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கும், உள்ளே குளிர்காற்று வரும். டேஷ்போர்டுக்குள் ‘குளுகுளு’ என்று நீரோடும் சத்தம் கேட்டால் அது காற்றுதான். நிரப்பி, காற்றை வெளியேற்றினால் சரியாகும். வாரா வாரம் குறைந்துகொண்டே போனாலோ, காலையில் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, விவகாரம் ஹீட்டரில் இல்லை. எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற தகட்டைச் சோதியுங்கள்.

அளவு சரி என்றால், பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்குங்கள். ஹீட்டர் நெம்பை (சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி) முழுச் சூட்டுக்குத் தள்ளிவிட்டு, சுவருக்குள் நுழையும் இரண்டு ஹோஸையும் பட்டும் படாமலும் தொட்டுப் பாருங்கள். ரேடியேட்டர் மின்விசிறி திடீரென்று சுற்றும், கை ஜாக்கிரதை. இரண்டும் சுட்டால் தண்ணீர் வந்துபோகிறது. கோளாறு காற்றைத் திருப்பும் மடலில். ஒன்று சுட்டு மற்றது வெதுவெதுப்பாக இருந்தால் குட்டி ரேடியேட்டர் அடைத்திருக்கிறது, அல்லது அதற்கு முன்னால் உள்ள வால்வு திறக்கவில்லை. இரண்டும் வெதுவெதுப்பு, சூட்டு முள்ளும் நெடுஞ்சாலையில் கீழே இறங்கி, நெரிசலில் நின்றால் ஏறுகிறது என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கிறது. மலிவான பொருள் அது. அதைப் பார்க்காமல் ஹீட்டரைப் பிரிப்பது வீண்செலவு.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பாத்திரத்து வெந்நீரில் போட்டுப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் டர்பனில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜோஹன்னஸ்பர்க்கில் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். 92 என்று பொறித்த தெர்மோஸ்டாட் அந்தப் பாத்திரத்தில் இலேசாக வாய் பிளக்குமே தவிர முழுதும் திறக்காது. திறக்கவில்லை என்று நல்ல பொருளைக் குப்பையில் போட வேண்டாம். நூலில் கட்டித் தொங்கவிட்டு, சமையல் வெப்பமானியையும் உள்ளே வைத்து, பொறித்த எண்ணுக்கு அருகில் அசைய ஆரம்பிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆறியபிறகு இறுக மூடுகிறதா என்பதுதான் ஹீட்டருக்கு முக்கியம். தண்ணீர் சீக்கிரம் கொதிப்பதால், ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் மேட்டுநிலத்தில் கவனிக்க வேண்டியது. அழுத்தம் பிடிக்காத மூடியோடு டர்பனில் சமாளித்த கார், இங்கே கொதித்துவிடும்.

அடைப்புதான் என்று தெரிந்தால், எஞ்சின் ஆறியதும் இரண்டு ஹோஸையும் கழற்றி, தண்ணீர் வெளியே வரும் முனையில் தோட்டக் குழாயை வைத்து எதிர்த்திசையில் தண்ணீர் விடுங்கள். குழாயைப் பாதிகூடத் திறக்க வேண்டாம். பழைய குட்டி ரேடியேட்டர் முழு அழுத்தத்தில் வெடித்தால், கழுவ வந்தவர் மாற்ற வேண்டிவரும். முதலில் காப்பி நிறத்தில் வருவது துரு. தெளியும்வரை விட்டு, பிறகு கார்க் கையேடு சொல்லும் வகைக் கூலன்ட்டையும் அயனி நீக்கிய நீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றித்தான் இந்தத் துருவே வந்தது. ஒழுகலை அடைக்கும் பொடி, திரவம் எதையும் போட வேண்டாம். அது ஒழுகும் ஓட்டையைத் தேடிப் போகாது, குறுகலான வழி எங்கே இருக்கிறதோ அங்கே போய் உட்காரும். காரிலேயே குறுகலான வழி ஹீட்டருக்குள்தான். வடித்த கூலன்ட்டை முற்றத்தில் விடாதீர்கள். இனிப்புச் சுவையால் நாய் நக்கும், உயிர் போகும்.

இனி மடல். நெம்பு பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் கேபிளின் கிளிப் கழன்றிருக்கும். நெம்பைக் குளிர்ப் பக்கம் கடைசிவரை தள்ளி, மடலையும் கையால் குளிர் நிலையில் வைத்து, அப்புறம் கிளிப்பை மாட்ட வேண்டும். இறுகிப்போன நெம்பைப் பலம்கொண்டு தள்ளினால் பிளாஸ்டிக் முறியும். காற்றுத் துவாரத்திலிருந்து கறுப்புப் பஞ்சு உதிர்ந்து மடியில் விழுகிறதா? மடலில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சு மக்கிவிட்டது. சூடும் குளிரும் கலந்தே வரும்.

ஹீட்டர் ஃபேன் உச்ச வேகத்தில் மட்டும் ஓடினால், அதன் வேகத்தைக் குறைத்துத் தரும் ரெசிஸ்டர் போய்விட்டது. உச்ச வேகத்துக்கு மின்சாரம் அதன் வழியே போவதில்லை, அதனால்தான் அது மட்டும் பிழைக்கிறது. ரெசிஸ்டர் காற்றோட்டத்திலேயே குளிர்வது. இலை அடைத்தாலோ, மோட்டார் காய்ந்து இறுகிச் சுற்றினாலோ கருகும். மோட்டாரைக் கையால் சுற்றிப் பார்க்காமல் புது ரெசிஸ்டர் மட்டும் மாட்டினால் அதுவும் சீக்கிரமே கருகும். எந்த வேகத்திலும் ஓடாவிட்டால் ஃப்யூஸ், பிறகு ஸ்விட்சின் பின்னால் உருகிய பிளக். பிரிட்டோரியாவில் ஜகரண்டா பூத்து உதிரும் மாதங்களில் கண்ணாடிக்கு அடியில் உள்ள ஜாலியைக் கையால் துழாவிச் சுத்தம் செய்வது, எந்த உதிரிப் பாகத்தைவிடவும் அதிகப் பழுதைத் தடுக்கும்.

பயணியின் கால்பக்கக் கம்பளம் ஈரமா? விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பும் இனிப்பு வாசனையும் இருந்து, கண்ணாடியிலும் எண்ணெய்ப் படலம் படிந்தால் குட்டி ரேடியேட்டர்தான். வெறும் தண்ணீர் என்றால், இலை அடைத்த வடிகால் வழியாக உள்ளே வந்த மழை. மழைத் தண்ணீருக்காக ஹீட்டரைத் துண்டித்த கார்களும் உண்டு!

1984 முதல் 2009 வரை தென்னாப்பிரிக்காவில் தயாரான ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃபும், 1996 முதல் 2006 வரை டர்பன் பிராஸ்பெக்டனிலேயே தயாரான டொயோட்டா டாஸும் இன்னும் நிறைய ஓடுகின்றன. சொந்தக் காருக்குச் சாலைத் தகுதிச் சான்று கைமாறும்போதுதான் கேட்கப்படுகிறது. ஒரே வீட்டில் பதினைந்து வருடம் ஓடும் காரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஆகவே அப்படி ஒரு காரை வாங்கப் போகிறவர்கள், நடுப்பகல் வெயிலில் பார்க்கப் போனாலும் எஞ்சின் சூடானதும் ஹீட்டரைப் போட்டு எல்லா வேகத்திலும் ஓடவிடுங்கள். பானெட்டைத் திறந்து அந்த இரண்டு முனைகளையும் பாருங்கள். மொட்டையாக இருந்தால் டேஷ்போர்டு பிரிக்கும் கூலியைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
லெனேசியா