தரவைப் பகிர்ந்தவருக்கு என்ன மதிப்பெண்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழகத் தரவரிசை பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆய்வுக் கட்டுரை எத்தனை, அவற்றை மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் காட்டிய மேற்கோள் எத்தனை என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது. வருடக்கணக்கில் அளந்து சேர்த்த தரவுகளை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைக்கிறாரே, அவருக்கு என்ன மதிப்பெண்? கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வுத் தரவுகளைப் பதிவேற்றும் பிரிவில் வேலை செய்கிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

நெகிரி செம்பிலானில் பாசோ காடு இருக்கிறது. 1980களில் நம் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தினர் அங்கே 50 ஹெக்டேர் நிலத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள கன்றைக்கூட விடாமல் ஒவ்வொன்றுக்கும் எண் தகடு கட்டி, அளந்து, எந்த இடத்தில் நிற்கிறது என்று வரைபடத்தில் ஏற்றினார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள்! அதோடு விடவில்லை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி முதலிலிருந்து அளக்கிறார்கள். இப்படிப்பட்ட தரவை வைத்து எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்து சில மாதங்களில் நல்ல கட்டுரை எழுதிவிடலாம், பெயரும் வரும். எழுதுவது தப்பில்லை, அதற்காகத்தான் தரவே. ஆனால் அட்டைக்கடியில் நின்று அளந்தவருடைய பதவி உயர்வுப் படிவத்தில் அதைக் காட்ட ஒரு வரியாவது வேண்டாமா?

2024 வேதியியல் நோபல் பரிசையும் பாருங்கள். புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் அதில் இடம்பெற்றது. அது பாடம் படித்ததே 1971இல் வெறும் 7 வடிவங்களோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியில்தான். அரை நூற்றாண்டாக அதில் தங்கள் உழைப்பைக் கொண்டுவந்து போட்ட ஆயிரக்கணக்கானவர்களின் பங்கை எதை வைத்து அளப்பது?

சரி, பதிவிறக்க எண்ணிக்கையைப் பார்த்தால் போதாதா என்பார்கள். போதாது. அதில் தேடுபொறி ரோபோக்களும் இருக்கும், இறக்கிவிட்டுத் திறந்தே பார்க்காதவர்களும் இருப்பார்கள். மேற்கோளை எண்ணலாம் என்றால், பலர் தரவின் பெயரைக் கட்டுரையின் நடுவிலோ நன்றியுரையிலோ சொல்லிவிட்டுப் போகிறார்கள், உசாத்துணைப் பட்டியலில் போடுவதில்லை, எண்ணும் கருவிக்கு அது தெரிவதே இல்லை. எத்தனை தரவுத் தொகுப்பு வெளியிட்டார் என்று கேட்டாலோ, ஒன்றைப் பத்தாக வெட்டிப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பல்லுயிர்ப் பதிவுகளைத் திரட்டும் ஜிபிஐஎஃப் தளத்தில் ஒவ்வொரு பதிவிறக்கத்துக்கும் டிஓஐ என்ற தனி நிரந்தர அடையாள எண் கிடைக்கிறது. அந்த எண்ணைக் கட்டுரையில் குறிப்பிட்டால், அதில் கலந்திருக்கும் ஒவ்வொரு தொகுப்புக்கும் அந்தப் பயன்பாடு கணக்காகிவிடும், கொடுத்தவர் சிறிய அருங்காட்சியகமாக இருந்தாலும்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் தரவுப் பகிர்வை அளக்க எஸ்-இண்டெக்ஸ் என்ற ஒன்றை உருவாக்கப் போட்டியே வைத்திருக்கிறது. நல்ல முயற்சி. ஆனாலும் ஒரே எண்ணை வைத்து மரபணுத் தரவையும் சதுப்புநில நண்டுத் தரவையும் ஒப்பிடுவதை நான் ஏற்க மாட்டேன். முன்னதை ஆயிரம் பேர் எடுப்பார்கள், பின்னதைப் பத்துப் பேர்தான் எடுப்பார்கள், ஆனால் அந்தப் பத்தில் ஒன்று கடற்கரையைக் காப்பாற்றும் திட்டமாக இருக்கலாம். யார் பயன்படுத்தினார், எதற்கு என்று இரண்டு வரி எழுத நம் பல்கலைக்கழகப் படிவங்களில் இடம் கொடுக்கட்டும், அதைத் துறை தெரிந்தவர்கள் படித்து மதிப்பிடட்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இனி ஆய்வுச் செய்தி போடும்போது அந்தத் தரவு யாருடையது என்று நிருபரைக் கேட்கச் சொல்லி, அதையும் ஒரு வரி அச்சிடுங்கள்.

அன்புடன்,
ஒரு நூலகப் பணியாளர்
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்