பச்சையாகத் தெரிந்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், தோலின் சூட்டைக் கேமராவில் பல நிறங்களாகக் காட்டும் வெப்பப் படப் பரிசோதனை பற்றி வந்த கட்டுரையைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. வலி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, உடம்பைத் தொடக்கூட மாட்டார்கள் என்று அதில் சொன்னதெல்லாம் சரி. ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கு, மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் மேமோகிராமுக்குப் பதிலாக இதையே எடுத்துக்கொள்ளலாம் என்ற தொனியில் ஒரு வரி வந்ததே, அதை அப்படியே விடமுடியாது.

போன வருஷம் எங்கள் பகுதியில் நடந்த ஒரு முகாமில் என் சித்திக்கு இந்தப் படம் எடுத்தார்கள். உடம்பு அறையின் சூட்டுக்குப் பழக, ஏசியில் பதினைந்து நிமிஷமாவது உட்காரவைத்து எடுக்கவேண்டிய படம் இது. சித்தியோ வெயிலில் நடந்து வந்தவர், வந்த கையோடு எடுத்துவிட்டார்கள். “எல்லாம் பச்சையாத்தான் இருக்கும்மா, மேமோகிராம் எல்லாம் வேண்டாம்” என்று அனுப்பியும் விட்டார்கள். அப்போதே அவருக்கு இடது பக்கம் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. அந்தப் பச்சையை நம்பி ஏழு மாதம் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. இப்போது கீமோ நடக்கிறது.

அந்தப் பச்சையும் சிவப்பும் உடம்பின் நிறமில்லை, எந்தச் சூட்டுக்கு எந்த நிறம் என்று மென்பொருளில் நாம் வைப்பதுதான். அளவுகோலைக் கொஞ்சம் மாற்றினால் அதே இடம் மஞ்சளாகிவிடும். கேமரா பார்ப்பது தோலிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிரை மட்டும், ஆழத்தில் இருக்கும் கட்டி அதற்குத் தெரியாது. கட்டியால் மேல்தோல் சூடானால்தான் ஏதாவது தெரியும், எல்லாக் கட்டியும் அப்படிச் சூடாக்குவதில்லை. 1956ல் மான்ட்ரியல் மருத்துவர் ரே லாசன் புற்றுக்கட்டிக்கு மேலே தோல் சூடாக இருப்பதை எழுதியபோது பெரிய நம்பிக்கை பிறந்தது. அப்புறம் 1970களில் அமெரிக்காவில் பெரிய அளவில் பெண்களைப் பரிசோதித்த திட்டத்தில், கண்டுபிடிக்கும் திறன் போதாது என்று இதைப் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். மேமோகிராமுக்கு இது மாற்றில்லை என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019லும் எச்சரித்தது.

இதனால் நான் இந்தக் கேமராவுக்கே எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். என் அம்மாவின் காலைக் காப்பாற்றியது இதுதான். அம்மாவுக்கு இருபது வருஷச் சர்க்கரை, பாதம் மரத்துப்போய்விட்டது, செருப்பில் கல் இருந்தாலும் தெரியாது. பரிசோதனையில் இரண்டு பாதத்தையும் ஒரே படத்தில் பார்த்தபோது வலது கட்டைவிரலின் அடியில் மட்டும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்து தெரிந்தது. வெறும் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. இடது காலின் அதே இடத்தைவிட மூன்று டிகிரி செல்சியஸ் கூடுதல். 2.2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இரண்டு நாள் தொடர்ந்தாலே உள்ளே புண் கிளம்பப்போகிறது என்று எடுத்துக்கொண்டு நடையைக் குறைக்கச் சொல்கிறார்கள். குறைத்தோம், செருப்பை மாற்றினோம், சூடு இறங்கியது, புண் வரவே இல்லை.

இங்கே இது வேலை செய்ததற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண வெப்பக் கேமரா ‘உன் சூடு இவ்வளவு’ என்று சொல்வதில் இரண்டு டிகிரிகூடத் தவறலாம், ஆனால் ஒரே படத்தில் இந்த இடத்துக்கும் அந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை டிகிரியில் பத்தில் ஒரு பங்குவரை காட்டிவிடும். பாதத்தில் நமக்கு வேண்டியதும் அந்த வித்தியாசம்தான், பிரச்சினையும் தோலை ஒட்டியே இருக்கிறது. வீட்டில் கேமரா இல்லாதவர்கள் கொரோனா காலத்தில் வாங்கிப்போட்ட நெற்றி வெப்பமானியைக்கூடப் பொருள்களை அளக்கும் முறைக்கு மாற்றி இரண்டு பாதத்தையும் ஒப்பிடலாம், உடம்பு முறையில் வைத்தால் குளிர்ந்த பாதத்துக்கு ‘லோ’ என்றுதான் காட்டும். இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

அந்த முகாமில் சித்திக்கு முன்னும் பின்னும் நாற்பது பேராவது வரிசையில் நின்றார்கள். அவர்களில் யாராவது உங்கள் இதழை வாங்குபவராக இருக்கலாம். தயவுசெய்து அடுத்த இதழிலேயே திருத்தம் போடுங்கள், உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் வேண்டாம்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு வாசகி