விளக்கை அணைத்தீர்கள், கோளாறை அல்ல

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: எஞ்சின் எச்சரிக்கை விளக்கின் காரணத்தைப் பார்க்காமல் விட்டதால் கேட்டலிடிக் கன்வர்ட்டர் (எஞ்சின் புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) பழுதானது குறித்த புகார்

ஐயா,

உங்கள் நிறுவனத்தின் பெட்ரோல் கார் ஒன்றை ஓட்டி வருகிறேன். ஆரம்பம் முதலே சர்வீஸ் எல்லாம் உங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில்தான்.

மேட்டில் ஏறும்போது வண்டி குலுங்கியது, டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. அன்றே கொண்டுபோய் விட்டு, "மின்னுகிறது" என்று அழுத்திச் சொன்னேன். ஜாப் கார்டில் சர்வீஸ் அட்வைசர் எழுதியதோ "விளக்கு எரிகிறது" என்று. இந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் கெட்டது. விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்று பொருள். பெட்ரோல் மூடி சரியாக மூடாமல் இருந்தால்கூட அது எரியலாம். மின்னினால் கதையே வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, அந்த எரியாத பெட்ரோல் புகைப்பாதையில் போய் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வண்டியோடு நீங்கள் தந்த கையேடும் மின்னும் விளக்கைத் தனியாகத்தான் எச்சரிக்கிறது.

ஸ்கேனரில் வந்த கோளாறுக் குறியீடு பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாக எரியவில்லை. அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்திருக்கலாம். பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, கோளாறும் கூடவே போகிறதா என்று பார்த்திருக்கலாம். எந்த மெக்கானிக்கும் முதலில் செய்கிற சோதனை அது. உங்கள் ஆட்கள் வண்டியில் இருந்த அந்தக் கோளாறுப் பதிவை அழித்துவிட்டு "சென்சார் பிரச்சினைதான் சார், சரி பண்ணியாச்சு" என்று சாவியைக் கொடுத்தார்கள். பதிவை அழித்தால் கோளாறு வந்த நேரத்தின் எஞ்சின் வேகம், வெப்பம் போன்ற விவரங்களும் சேர்ந்தே அழிந்துபோகும். காய்ச்சலுக்கு மருந்து தராமல் தெர்மாமீட்டரை உதறி வைத்த கதைதான்.

விளக்கு திரும்ப வந்தது. திரும்ப அழித்தார்கள். இப்போது வண்டியில் இழுவையே இல்லை. கன்வர்ட்டர் போய்விட்டது, பெட்ரோல் சரியில்லாததுதான் காரணம், செலவு என்னுடையது என்கிறார்கள். கெட்ட பெட்ரோல் எல்லா சிலிண்டருக்கும்தானே போகும்? இரண்டாவது மட்டும் ஏன் படுத்துகிறது என்று கேட்டேன். பதில் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிரேக் பிடிக்கும்போது கீச்சென்று சத்தம் வந்ததைத் "தூசு" என்று சொல்லித் துடைத்து அனுப்பினார்கள். பிரேக் பேட் தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிக் கத்துவதற்கென்றே அதில் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. வெளியே காட்டினேன், பேட் தேய்ந்து முடிந்திருந்தது. மாற்றிக்கொண்டேன், அந்தச் செலவை நான் கேட்கவில்லை.

நான் கேட்பவை: மிஸ்ஃபயருக்கான காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே கன்வர்ட்டரை உங்கள் செலவில் மாற்றித் தர வேண்டும். காரணத்தை விட்டுவிட்டுப் புதியது போட்டால் அதுவும் கெடும். என் வண்டிக்கு எடுத்த எல்லா ஸ்கேன் பதிவுகளின் நகலும், சோதனை எதுவும் செய்யாமல் பதிவை அழித்தது ஏன் என்ற விளக்கமும் எழுத்தில் வேண்டும். போனில் சொல்லும் சமாதானம் போதாது. ஜாப் கார்டுகள், ஸ்கேன் தாள், விளக்கு மின்னும் வீடியோ எல்லாவற்றையும் இணைத்துள்ளேன்.

வண்டி உங்கள் சர்வீஸ் சென்டரிலேயே நிற்கிறது. உங்கள் எழுத்துப்பூர்வமான பதில் வரும்வரை யாரும் அதில் எந்தப் பதிவையும் அழிக்கக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்