அந்த உச்சவரம்பைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு,

வணக்கம். மருந்து ஆலைகளின் கழிவுநீரில் எந்த ஆண்டிபயாட்டிக் எவ்வளவு இருக்கலாம் என்று 2020 ஜனவரியில் வரைவு அறிவிக்கை வெளியிட்டீர்கள். 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்பைக் காணோம். ஏன் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைத் திரும்பச் சேருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

என் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவின் பெயரைப் போட்டு, கீழே வரிசையாக மருந்துகளின் பெயர்கள். எதிரே ‘ரெசிஸ்டன்ட்’, ‘ரெசிஸ்டன்ட்’ என்று, வலுவான ஆண்டிபயாட்டிக்கான மெரோபெனெம் வரை ஒரே சொல்; அதாவது, கிருமி எதற்கும் மசியாது. மிஞ்சியது கோலிஸ்டின் என்ற மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் ஏற்றினார்கள். விடிந்ததும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு என்று நர்ஸிடம் கேட்பதே எங்கள் வேலையாகிப் போனது. தொற்று போய்விட்டது, டயாலிசிஸ் வந்து சேர்ந்தது.

இத்தனைக்கும் அம்மா மாத்திரை என்றாலே ஓடுகிறவர். ஆனால் மருந்தை எதிர்க்கும் திறனைக் கிருமி தானே கற்றுக்கொள்ள வேண்டியதில்லையே. பிளாஸ்மிட் என்னும் சின்ன டிஎன்ஏ வளையத்தை ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருப்பதற்கு நகலெடுத்துக் கொடுத்துவிடும். ஒரே இனமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா கிளெப்சியெல்லாவுக்குக் கொடுக்கும். ஒரே வளையத்தில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் சேர்ந்திருக்கும். தண்ணீரில் அவற்றில் ஒரு மருந்து இருந்தாலே போதும், வளையம் வைத்திருப்பவை பிழைக்கும், மற்றவை சாகும்.

ஹைதராபாத் அருகே பட்டான்செருவில், ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியேற்றிய தண்ணீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆண்டிபயாட்டிக் இருந்ததாக 2007இலேயே ஆய்வு வந்துவிட்டது. மருந்து சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. அம்மாவின் கிருமி அங்கிருந்து வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. வரவில்லை என்று உங்களாலும் முடியாது.

ஆண்டுதோறும் நவம்பரில் ஆண்டிபயாட்டிக் எதிர்ப்பு பற்றிய விழிப்புணர்வு வாரம் தவறாமல் வந்துவிடுகிறது. சீட்டில்லாமல் வாங்காதே, பாதியில் நிறுத்தாதே என்று உபதேசம் எல்லாம் நோயாளிக்குத்தான். கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய எச்1 பட்டியல் மருந்து என்றால், ஒரு அட்டை மாத்திரைக்கும் கடைக்காரர் நோயாளியின் பெயர், மருத்துவரின் பெயர், அளவு எல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆலையின் குழாய்க்கு மட்டும் பதிவேடும் வேண்டாம், வரம்பும் வேண்டாம். குழாய்க்கு ஒரு சுவரொட்டியாவது ஒட்டியிருக்கலாம்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்டிபயாட்டிக் ஆலைக் கழிவுநீருக்கென்று உலக சுகாதார நிறுவனமே 2024 செப்டம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அளவுகோல் இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. வரம்பை மீண்டும் அறிவிக்கையில் சேர்த்து, எந்தத் தேதியிலிருந்து அமலாகும் என்பதையும் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் நோயாளி ஒருவரின் மகள்,
சென்னை