சாமி கும்பிடாதவனுக்கு நியாயம் தெரியாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஐஸ், மாத்திரை என்று போதையில் கெட்டுப்போவதற்குக் கடவுள் பக்தி குறைந்ததுதான் காரணம் என்று போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பிள்ளைகளைப் பற்றிய கவலை எனக்கும் இருக்கிறது. ஆனால் சாமி நம்பிக்கை இல்லாதவனிடம் ஒழுக்கத்தை எதிர்பார்க்க முடியாது என்று அவர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் திருவிழாவுக்குக் காவடி எடுக்கிறவன், கோயிலுக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நம்ம கதையையே பாருங்கள். பல தோட்டங்களில் கோயில் கட்டியதும் திருவிழா நடத்தியதும், ஆள் சேர்த்து வந்து வேலை வாங்கிய பெரிய கங்காணிமார்தான், முதல் மரியாதையும் அவர்களுக்குத்தான். அதே கங்காணிமார்தான் ஆட்களைக் கடனில் கட்டிவைத்தார்கள். அந்தக் கடனைக் கட்டினால் ஆளை விடுவதாகத் தோட்டம் எழுதித் தரும் சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். கடனைத் தீர்க்காமல் ஒரு குடும்பம் வேறு தோட்டத்தில் பெயர் பதிய முடியாது, கடனோ லேசில் தீராது. துண்டு முறை ஒழிந்தது 1921இல், சட்டம் வந்த பிறகு. வேலையை விட்டுப் போன தொழிலாளியைச் சிறையில் போட்ட சட்டங்களுக்கு எதிராக அந்தக் காலத்தில் குரல் கொடுத்த தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம், 1919இல் தொழிலாளர் நலனுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கியவர், அவரும் சைவத்தில் ஊறியவர்தான். கங்காணி பூசியதும் அதே திருநீறு. அப்படியென்றால் ஒருவருக்குக் கூலியாளின் கஷ்டம் உறைத்து மற்றவருக்கு உறைக்காமல் போனதற்குப் பக்தியை எப்படிக் காரணம் சொல்வது?

பக்கத்துச் சிங்களக் கிராமங்களில் பன்சில், அதாவது பௌத்தர்களின் ஐந்து ஒழுக்க உறுதிமொழிகள், எடுக்கிறார்கள். கொல்லாதே, களவெடுக்காதே, பொய் சொல்லாதே என்பதையெல்லாம் படைத்த கடவுள் ஒருவர் போட்ட கட்டளையாகப் புத்தர் சொல்லவில்லை.

அப்புறம் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ராத்திரி யாருக்காவது வருத்தம் கடுமையானால் முனியாண்டி கும்பிடுகிற வீடும் அந்தோனியார் படம் வைத்த வீடும் ஒன்றாகத்தான் ஓடி வரும். முதலில் வந்து ஆட்டோ பிடிக்கிற பையன் கோயில் பக்கமே போகாதவன், திருவிழா வரி தரமாட்டேன் என்று கமிட்டியோடு சண்டை போட்டவன். அவனை ஒழுக்கம் கெட்டவன் என்று ஒருவர் எழுதினால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பிள்ளைகளுக்கு அறநெறிப் பாடசாலை வேண்டும்தான். தேவாரத்தோடு இந்தத் துண்டுக் கதையையும் அங்கே சொல்லிக்கொடுக்கட்டும். போதை விற்கிறவர் யார் என்பது தோட்டத்தில் பலருக்கும் தெரியும், அவரும் கோயிலுக்கு வருகிறவராக இருக்கலாம், உபயம்கூடச் செய்யலாம். கோயில் கமிட்டியும் தலைவர்மாரும் முதலில் அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்லட்டும், அப்புறம் பொலிசுக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு தோட்டத்து வாசகர்,
ஹட்டன்