கூட்டிச் சொல்லாமல் ஒரு நன்றி

அன்பானவர்களுக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

இந்த மடலை நான்கு முறை எழுதி எழுதிக் கிழித்தேன் என்றுதான் தொடங்க வாய் வந்தது. உண்மையில் இரண்டு முறைதான் எழுதினேன். கிழிக்கவும் இல்லை. என் வியாதி என்ன என்பது இதிலேயே உங்களுக்குப் பிடிபட்டிருக்கும்.

யாரையும் ஏமாற்றிச் சொத்து சேர்த்தவன் இல்லை நான். நடந்ததைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன், அவ்வளவுதான். பத்துப் பேர் வந்த ஜெபக்கூட்டம் என் வாயில் இருபது பேர் ஆகிவிடும். அரை மணி நேர ஜெபம் ஒரு மணி நேரம் ஆகும். 'உங்களுக்காக ஜெபிக்கிறேன்' என்று சொல்லிவிட்டு வாசல் தாண்டும் முன்பே மறந்துவிடுவேன். மறுபடி பார்க்கும்போது 'உங்க பேரைச் சொல்லித்தான் தினமும் ஜெபிக்கிறேன்' என்பேன். இதையெல்லாம் பாவக் கணக்கிலேயே நான் சேர்த்ததில்லை. பேச்சில் ஒரு சுவை வேண்டாமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். குடி, சூது என்று வெளியே தெரிகிற பாவங்களுக்குச் சபையில் உடனே பெயர் கிடைத்துவிடுகிறது. என்னுடையதற்கு 'அல்லேலூயா'தான் கிடைத்தது.

ஒரு உபவாசக் கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுந்தேன். மூன்று நாள் வெறும் தண்ணீரோடு இருந்து ஜெபித்தேன், மூன்றாம் நாள் இரவு கர்த்தர் பதில் கொடுத்தார் என்றேன். பதில் கிடைத்தது உண்மை. உபவாசம் ஒன்றரை நாள். இரண்டாம் நாள் மதியம் தலை சுற்றியதும் சாப்பிட்டுவிட்டேன். அதை அப்படியே சொல்லியிருந்தால் கர்த்தருக்கு மகிமை ஒன்றும் குறைந்திருக்காது. எனக்குத்தான் குறைந்திருக்கும்.

இரண்டு வாரம் கழித்து, சபையின் வாலிபத் தம்பி ஒருவர் மயங்கி விழுந்து மருத்துவமனையில் கிடந்தார். என் சாட்சியைக் கேட்டு மூன்று நாள் தண்ணீரோடு இருந்து பார்த்திருக்கிறார். நான் பார்க்கப் போனபோது, "உங்களால முடிஞ்சது என்னால முடியலையே அண்ணா. எனக்கு விசுவாசம் போதாது போல" என்றார். அப்போதுகூட நான் உண்மையைச் சொல்லவில்லை. அவர் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் நான் மிகவும் வெட்கப்படும் ஜெபம் அதுதான்.

முதல் நன்றி என் மனைவிக்கு. அன்று இரவு அவள் சொன்னது ஒரே வாக்கியம்: "ரெண்டாம் நாள் மதியம் உங்களுக்குச் சாப்பாடு போட்டது நான்தானே." சாட்சி சொன்ன அன்றே அவளுக்குத் தெரியும். கூட்டத்தில் என்னை விட்டுக்கொடுக்காமல் இருந்தாள், வீட்டில் தூங்கவும் விடவில்லை. தாவீது ராஜாவின் பாவத்தை உணர்த்தி அவரை மடக்க நாத்தான் தீர்க்கதரிசிக்கு ஓர் ஆட்டுக்குட்டிக் கதை தேவைப்பட்டது. என்னை மடக்க அது கூட வேண்டியிருக்கவில்லை.

மறுநாளே போதகர் ஐயாவிடம் ஓடினேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "வருகிற ஞாயிறு சபை முன்னால் நின்று அறிக்கை செய்கிறேன் ஐயா" என்றேன். கண்ணீரோடுதான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அதுக்கும் மேடைதான் வேணுமா?" என்றார். சுருக்கென்று இருந்தது. ஏனென்றால், அழுதுகொண்டே அறிக்கை செய்கிற என்னை, மனதுக்குள் நான் ஏற்கனவே பார்த்து ரசித்துவிட்டேன். முதலில் அந்தத் தம்பியிடமும் அவர் வீட்டாரிடமும் போங்கள், சபைக்கு அப்புறம் இரண்டே வரியில் சொன்னால் போதும் என்றார். ஐயா, அந்த ஒரு கேள்விக்காக உங்களுக்கு நான் கடன்பட்டவன்.

அன்று அவர் அப்போஸ்தலர் 5ஆம் அதிகாரத்தைத் திறந்தார். நிலம் விற்ற பணத்தில் பொய் சொன்ன கணவன் மனைவி, அனனியா, சப்பீராள். ஞாயிறு பள்ளியில் பல வருஷம் நானே நடத்திய பாடம்தான். பணத்தாசை பற்றிய பாடமாகவே நடத்தியிருக்கிறேன். நாலாம் வசனத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். நிலம் அவர்களுடையது, விற்ற பணமும் அவர்களுடையது, மொத்தமாகக் கொண்டுவரச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்று பேதுருவே சொல்கிறார். ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு முழுவதும் கொடுத்த பேரை எடுக்கப் பார்த்தார்கள். ஒன்றரை நாளைக் கொடுத்து மூன்று நாள் பேரை எடுத்த எனக்கு அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை.

அப்புறம் எபேசியர் 4:25. பொய்யைக் களைந்து பிறனோடு மெய்யைப் பேசச் சொல்கிற பவுல், அதற்குக் காரணமாக நரகத்தைக் காட்டவில்லை. நாம் ஒருவருக்கொருவர் அவயவங்களாய் இருக்கிறோம் என்கிறார். இந்த வசனத்தை விளக்கும்போது யோவான் கிறிசோஸ்தோம் என்ற பழைய காலத்துப் பிரசங்கியார், பாம்பைப் பார்த்த கண் காலிடம் பொய் சொல்லுமா என்று கேட்டிருக்கிறார். அந்தத் தம்பி மயங்கி விழுந்ததை எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியதில்லை. அதே பழைய காலத்துச் சபைப் போதகர் அகஸ்டின் பொய்களை எட்டு வகையாகப் பிரித்ததையும் ஐயா சொன்னார். யாருக்கும் கெடுதல் இல்லாத கடைசி வகையில்தான் என் பொய் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். விசுவாசத்தைப் போதிக்கிற இடத்தில் சொல்லும் பொய்யை அவர் முதலாவதாக, எல்லாவற்றையும் விட மோசமானதாக வைத்திருக்கிறார்.

தம்பி, உனக்கு எப்படி நன்றி சொல்வது? உண்மையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய். பிறகு சிரித்துவிட்டு, "அப்போ எனக்கு விசுவாசம் குறைவு இல்லையா அண்ணா?" என்று கேட்டாய். உன்னிடமிருந்து நான் எதை எடுத்திருந்தேன் என்பது அந்தச் சிரிப்பில்தான் தெரிந்தது.

உன் அம்மா சிரிக்கவில்லை. "பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பல நாள் கழித்து அவரே என்னைக் கூப்பிட்டு, "மன்னிச்சுட்டேன். மனசு சரியாகக் கொஞ்ச நாள் ஆகும்" என்றார். அம்மா, உங்கள் மன்னிப்பைக்கூட நீங்கள் கூட்டிச் சொல்லவில்லை. அதை நான் பாடமாகவே எடுத்துக்கொண்டேன்.

இத்தனை நடந்த பிறகு பொய் என்னை விட்டு ஓடியிருக்கும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். நான்காம் நாளே ஒருவரிடம், வேதாகமத்தை ஐந்து முறை முழுதாக வாசித்து முடித்தவன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு முறைதான். விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று ரோமர் 7இல் பவுல் புலம்புவதைப் பல தடவை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அன்றுதான் அது எனக்குப் புரிந்தது.

அங்கே கை கொடுத்தது சனிக்கிழமை இரவு கூடும் நம் நாலு பேர் குழு. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 டிசம்பரில் இப்படிப்பட்ட சிறு குழுக்களுக்கு விதிமுறை எழுதினார். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்ற யாக்கோபு 5:16தான் அதற்கு அடிப்படை. வாரம் ஒரு தடவையாவது கூடி, போன கூட்டத்துக்குப் பிறகு அறிந்து செய்த பாவம் என்ன என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் மூன்று பேரும் அதை எனக்கேற்ற மாதிரி தைத்துக் கொடுத்தீர்கள்: "இந்த வாரம் எதைக் கூட்டிச் சொன்னீங்க?" கூடவே ஒரு நிபந்தனை. கூட்டிச் சொன்னதை, யாரிடம் சொன்னேனோ அவரிடமே அன்று தூங்கப் போகும் முன் திருத்திவிட வேண்டும். 'மன்னிக்கணும், காலையில இருபது பேர்னு சொன்னேன், பன்னிரண்டு பேர்தான்' என்று ஒருவருக்குப் போன் போட்டுச் சொல்வது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். பத்துப் பதினைந்து தடவை அப்படிச் செய்த பிறகு, வாய் திறக்கும் முன்பே எண்ணிக்கை சரியாக வர ஆரம்பித்தது. பரிசுத்தம் இப்படி ஒரு கூச்சத்தின் வழியாகவும் வரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

என் கத்தோலிக்க நண்பருக்கும் நன்றி. இயேசு சபைத் துறவிகளின் சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் சொல்லிவைத்த ஒரு முறையை அவர்தான் காட்டித்தந்தார். ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு, நாளுக்கு இரண்டு கோடு போட்டு, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். நோட்டு வாங்கி ஆரம்பித்தேன். முதல் வாரம் புள்ளிகளைக் குறைத்துப் போட்டேன்! பார்க்கப் போகிறவன் நான் மட்டும்தான், அங்கேயும் பொய். அவரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அதுக்கும் ஒரு புள்ளி வச்சுக்கோங்க" என்றார்.

மூப்பர் ஐயா, உங்களை மறக்கவில்லை. நான் சோர்ந்துபோயிருந்த ஒரு நாள் 2 கொரிந்தியர் 12ஐ எடுத்தீர்கள். பலவீனத்தில் என் பலம் பூரணமாய் விளங்கும் என்ற ஒன்பதாம் வசனத்தைத்தான் சொல்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் ஆறாம் வசனத்தில் நின்றுவிட்டீர்கள். பரதீசுவரைக்கும் எடுக்கப்பட்ட அனுபவம் பவுலுக்கு இருந்தது, அதைச் சொன்னால் அது உண்மையாகவே இருக்கும். இருந்தும், தன்னிடம் காண்பதற்கும் கேட்பதற்கும் மேலாக யாரும் தன்னை எண்ணிவிடக் கூடாது என்று அடக்கிக்கொள்கிறார். எனக்கு வாழ்நாளெல்லாம் அதற்கு நேர் எதிரான கவலை. உள்ளபடி தெரிந்தால் சின்னவனாகிவிடுவேனே என்ற பயம். அந்தச் சின்னவனுக்குத்தான் கர்த்தர் ஒன்றரை நாள் உபவாசத்துக்கே பதில் கொடுத்தார் என்று நீங்கள் சொன்னபோது, சாட்சி சொன்ன நாளிலிருந்து முதல் தடவையாக நிம்மதியாக அழுதேன்.

என் மகளுக்கு நன்றி. நான் பேசும்போது அவள் புருவம் உயர்ந்தால், நான் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவேன். இன்னும் ஒருவர் இருக்கிறார். என் பேச்சை இன்றுவரை அவர் நம்புவதில்லை. எதைச் சொன்னாலும் இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்கிறார். ஆரம்பத்தில் வலித்தது. அவருக்கு அந்த உரிமை உண்டு. சகோதரரே, உங்களுக்கும் நன்றி, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நோட்டில் மூன்று புள்ளிகள். இரண்டைத் திருத்திவிட்டேன், ஒன்றுக்கு இனிமேல்தான் போன் போட வேண்டும். உங்கள் எல்லோருக்காகவும் பெரும்பாலான நாட்களில் ஜெபிக்கிறேன்.

இந்தக் கடைசி வரியில் முதலில் 'தினமும்' என்றுதான் இருந்தது. வாசித்துப் பார்த்த மனைவி பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

உங்கள் சகோதரன்