எட்டாம் எண்காரர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இதழில் அதிபர் தேர்தல்களைப் பற்றி வந்த நீண்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முடிவெடுக்காத வாக்காளர்கள் இரு தரப்பையும் எடை போட்டுப் பார்க்கிறார்கள், தொலைக்காட்சி விவாதத்தில் நன்றாகப் பேசியவர் பக்கம் கடைசியில் சாய்ந்துவிடுகிறார்கள் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்படி ஒரு வாக்காளரை நான் பார்த்ததே இல்லை. சரியாகச் சொன்னால் கேட்டதே இல்லை, ஏனென்றால் நான் பார்த்தது காதால் செய்கிற வேலை.

பதினோரு ஆண்டுகள் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் தொலைபேசியில் கேள்வி கேட்பவளாக இருந்தேன். எந்த நிறுவனம், எந்தத் தேர்தல் என்று சொல்ல மாட்டேன். வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், ஓய்வு பெற்ற பிறகும் அது செல்லும் என்று அந்தத் தாளிலேயே இருந்தது. ஆகவே பேசியவர்களையும் அடையாளம் தெரியாதபடிதான் இங்கே சொல்கிறேன்.

எங்கள் கணினித் திரையில் ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் எண் உண்டு. ஒன்றிலிருந்து ஆறு வரை வேட்பாளர்கள், ஏழு மற்றவர்கள். 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்றால் எட்டு, 'சொல்ல விருப்பமில்லை' என்றால் ஒன்பது. டீ குடிக்கப் போனால் "இன்னிக்கு உனக்கு எத்தனை எட்டு?" என்பதுதான் எங்களுக்குள் பேச்சு. எட்டு கூடினால் மேற்பார்வையாளருக்கு முகம் சுருங்கும், பத்திரிகைக்குப் போகிற பட்டியல் பளிச்சென்று இருக்காதாம். அதனால் எட்டை அழுத்தியவுடன் அடுத்த கேள்வி தானாகத் திரைக்கு வரும்: "இன்றைக்கே வாக்குப்பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள், யார் பக்கம் சாய்வீர்கள்?" நிறையப் பேர் இந்த இடத்தில் ஒரு பெயரைச் சொல்லிவிடுவார்கள். சிலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எல்லாம் முன்பே முடிவானதுதான், முதல் தடவை கேட்டபோது ஒத்துக்கொள்ள மனமில்லை.

ஒரு நாள் மாலை ஏழரை மணி இருக்கும். போனை எடுத்த அம்மாள் முதல் நான்கு கேள்விகளுக்கு மளமளவென்று பதில் சொன்னார். விலைவாசி மோசம், வேலைவாய்ப்பு மோசம், நாடு போகிற போக்கு சரியில்லை. யாருக்கு வாக்களிப்பீர்கள் என்றதும் பேச்சு நின்றது. பின்னால் தொலைக்காட்சிச் சத்தம். அதற்கு மேலாக ஓர் ஆண் குரல், "யாரு போன்ல?" என்றது. "பேங்க்ல இருந்து" என்றார் இவர். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "அதெல்லாம் இன்னும் யோசிக்கலைங்க" என்றார். எட்டு. விடுபட்ட இரண்டு கேள்விகளுக்காக மறுநாள் காலை பதினோரு மணிக்குத் திரும்பக் கூப்பிட்டேன். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஒரு வேட்பாளர் பெயரைச் சொன்னார். "நேத்து கேட்டீங்களே, அதுக்கு." இடையில் எந்த விவாதமும் நடக்கவில்லை. வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான். முதல் நாள் இரவே அறிக்கை பத்திரிகைக்குப் போயிருந்தால், 'முடிவெடுக்காதவர்' என்று நீங்கள் அச்சடித்த கணக்கில் அந்த அம்மாளும் ஒருவர்.

மௌனமாக இருப்பவர்களை இப்படிக் கழித்துவிட்டாலும், உண்மையிலேயே தவிக்கிறவர்கள் கொஞ்சம் பேர் மிஞ்சுவார்கள். 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது லாசர்ஸ்ஃபெல்ட் என்ற சமூகவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஒஹாயோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் அறுநூறு பேரை மே மாதத்திலிருந்து நவம்பர் வரை மாதாமாதம் சந்தித்துக் கேட்டார்கள். பிரசாரம் மனத்தை எப்படி மாற்றுகிறது என்று பார்க்கப் போனவர்களுக்கு, மாறியவர்களே சொற்பம் என்று தெரிந்தது. தாமதமாக முடிவெடுத்தவர்களில் ஒரு சாரார் அரசியலில் அக்கறை குறைந்தவர்கள். இன்னொரு சாரார் இரண்டு பக்கமும் இழுபட்டவர்கள், அதாவது குடும்பம் ஒரு கட்சி, தொழில் வட்டாரம் இன்னொரு கட்சி என்று மாட்டிக்கொண்டவர்கள். இவர்களை அசைத்ததில் வானொலியையும் பத்திரிகையையும் விடப் பக்கத்தில் இருந்த மனிதர்களுக்குப் பங்கு அதிகம்.

இதைப் பிற்பாடு படித்தபோது எனக்கு ஒரு நர்ஸ் பெண்ணின் ஞாபகம் வந்தது. ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிடும் கணிப்பு அது, அவளிடம் மூன்று முறை பேசினேன். அப்பா ஒரு வேட்பாளரின் தீவிர ஆதரவாளர், வார்டில் உடன் வேலை செய்பவர்கள் மொத்தமும் எதிர்ப்பக்கம். முதல் முறை இரண்டு பேரைப் பற்றியும் விவரமாகப் பேசினாள். இரண்டாம் முறை, "நான் நியூஸ் பாக்கறதையே விட்டுட்டேன் மேடம்" என்றாள். தேர்தல் முடிந்து கூப்பிட்டபோது, டூட்டி இருந்ததால் போக முடியவில்லை என்றாள். டூட்டி இருந்திருக்கலாம், நான் சந்தேகப்படவில்லை. ஆனால் யார் முகத்தையும் முறிக்காமல் அந்தச் சிக்கலிலிருந்து வெளியே வர அவளுக்கு அதைவிட நல்ல வழியும் இருந்திருக்காது.

கட்டுரையாளர் தொடவே தொடாத விஷயமும் இதுதான். எட்டு என்று சொல்பவர் 'இவரா அவரா' என்று மட்டும் யோசிப்பதில்லை, 'போகவா வேண்டாமா' என்றும் யோசிக்கிறார். 2002 பிரெஞ்சு அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் பதினாறு வேட்பாளர்கள் நின்றார்கள், பதிவான வாக்காளர்களில் 28 சதவீதத்துக்கும் மேல் வரவில்லை. பிரதமராக இருந்த ஜோஸ்பான் 16.18 சதவீதம், தீவிர வலதுசாரி வேட்பாளர் லெ பென் 16.86. இரண்டு லட்சத்துக்கும் குறைவான வாக்குகளில் பிரதமர், முதல் இரண்டு இடக்காரர்கள் மட்டும் மோதுகிற இரண்டாம் சுற்றுக்கே வர முடியாமல் போனார். எப்படியும் அவர் அடுத்த சுற்றுக்கு வந்துவிடுவார், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் இருந்தவர்களும், மனசுக்குப் பிடித்த சின்னக் கட்சிக்கு இந்த ஒரு தடவை போட்டவர்களும் சேர்ந்து செய்த வேலை அது.

இனி விவாதத்துக்கு வருகிறேன். 1960 கென்னடி, நிக்சன் கதையைக் கட்டுரையாளரும் சொல்லியிருக்கிறார்: தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குக் கென்னடி ஜெயித்தார், வானொலியில் கேட்டவர்களுக்கு நிக்சன் ஜெயித்தார். கேள்வி கேட்டுப் பிழைத்தவள் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு உறுத்தல். அந்தக் கதைக்கு ஆதாரமான கணிப்பில் வானொலியில் மட்டும் கேட்டதாகச் சொன்னவர்கள் முந்நூறு பேர்கூட இல்லை. தொலைக்காட்சி இல்லாத வீட்டுக்காரர்கள் முன்பிருந்தே யார் பக்கம் இருந்தார்கள் என்பது தெரியாமல், நிக்சனின் வியர்வையும் சவரம் செய்யாதது போன்ற முகமும்தான் தேர்தலை முடிவு செய்தன என்று எழுதிவிட முடியுமா?

1980 அமெரிக்கத் தேர்தல் கதை இன்னும் நல்ல உதாரணம். அக்டோபர் 28-ஆம் தேதி விவாதத்தின் முடிவில், நான்கு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று ரேகன் மக்களைப் பார்த்துக் கேட்டார். ஒரு வாரத்தில் தேர்தல். ரேகன் 50.7 சதவீதம், அப்போது அதிபராக இருந்த கார்ட்டர் 41. அந்த ஒரு வாக்கியம்தான் அடித்தது என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆண்டு அமெரிக்காவில் பணவீக்கம் 13.5 சதவீதம். ஈரானின் தெஹ்ரானில் 52 அமெரிக்கர்கள் பிணைக்கைதிகள். வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் ஈரான் நாடாளுமன்றம் விடுதலைக்கான நிபந்தனைகளை அறிவித்தது, கார்ட்டர் பிரசாரத்தைப் பாதியில் விட்டு வெள்ளை மாளிகைக்குத் திரும்பினார், கடைசியில் யாரும் விடுதலையாகவில்லை. வாக்குப்பதிவு நாளான நவம்பர் 4, அங்கே அமெரிக்கத் தூதரகம் பிடிக்கப்பட்டு சரியாக ஓராண்டு நிறைந்த நாள். எல்லாத் தொலைக்காட்சியிலும் அதுவே ஓடியது. கேள்வி கெட்டிக்காரத்தனமானதுதான், மறுக்கவில்லை. அதற்கான பதிலை ஜனங்கள் ஏற்கெனவே பையில் வைத்திருந்தார்கள்.

தேர்தலுக்குப் பிறகு "எது உங்களை முடிவெடுக்க வைத்தது?" என்று நாங்களும் கேட்போம். "விவாதம்" என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள், கௌரவமான பதில் அல்லவா. முழுதும் பார்த்தீர்களா என்று கேட்டால், "போன்ல வந்துச்சு, கொஞ்சம் பார்த்தேன்" என்பார்கள். மச்சான் அனுப்பிய இருபது விநாடித் துண்டு! அனுப்பியது மச்சான் என்பதுதான் அதில் முக்கியமான செய்தி. எங்கள் படிவத்தில் அதற்கு எண் கிடையாது.

விலைவாசி, வேலை என்கிற பணவிஷயம் எல்லோரும் அறிந்தது, நீட்டவில்லை. ஒன்று மட்டும்: 1992-இல் தந்தை புஷ் தோற்றபோது பொருளாதாரச் சரிவு நின்று ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. சரிவு 1991 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது என்று அதை நிர்ணயிக்கும் அமைப்பு அறிவித்தது 1992 டிசம்பரில், தேர்தல் முடிந்த அடுத்த மாதம். ஆனால் அந்த ஆண்டு ஜூனில் வேலையின்மை 7.8 சதவீதம். பக்கத்து வீட்டுக்காரர் வேலை இல்லாமல் திண்டாடும்போது, சரிவு முடிந்துவிட்டது என்ற வரைபடத்தை யார் நம்புவார்கள்?

என் அனுபவத்தில் எட்டாம் எண்காரர்களைக் கடைசி வாரத்தில் அதிகம் அசைத்தது வெறுப்புதான். இரண்டு பேரையும் பிடிக்காது, ஆனால் இரண்டு பிடிக்காமையும் ஒரே அளவு இல்லை. 2016 அமெரிக்கத் தேர்தலில் வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பில், டிரம்ப், கிளிண்டன் இருவர் மீதும் நல்லெண்ணம் இல்லை என்றவர்கள் 18 சதவீதம். அவர்களில் 47 சதவீதம் பேர் டிரம்புக்கும் 30 சதவீதம் பேர் கிளிண்டனுக்கும் போட்டிருந்தார்கள். விஸ்கான்சினில் கடைசி வாரத்தில் முடிவெடுத்தவர்களிடம் டிரம்ப் ஏறக்குறைய முப்பது புள்ளி முன்னால் இருந்தார், அங்கே அவர் மொத்தத்தில் ஜெயித்தது இருபத்து மூவாயிரம் வாக்கு வித்தியாசத்தில். பழகிப் புளித்த முகமா, தெரியாத ஆபத்தா என்று கேட்டால், அலுத்துப்போனவர் தெரியாததை எடுக்கிறார்.

கட்சிக்காரர்கள் வீடு வீடாகப் போவதும் விளம்பரம் கொடுப்பதும் வீணா என்றால், பெரும்பாலும் ஆமாம் என்று ஓர் ஆய்வே இருக்கிறது. கல்லா, ப்ரூக்மன் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கப் பொதுத்தேர்தல்களில் நடந்த 49 களச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனத்தை மாற்றுவதில் சராசரி விளைவு பூஜ்யம். ஆளை வாக்குச்சாவடிக்குக் கொண்டுவருவது வேறு கணக்கு, அது பலிக்கிறது. வேட்பாளர்கள் இதைப் படித்துவிடக் கூடாது, அப்புறம் எங்கள் மாதிரி ஆட்களுக்கு வேலை போய்விடும்.

கடிதம் எழுதிய காரணத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையோடு வந்த கணிப்புப் பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன், சரியாக நூறு வருகிறது. எட்டு எங்கே? ஒன்பது எங்கே? முடிவெடுக்காதவர்களை மற்றவர்களின் விகிதத்திலேயே பங்கு போட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். 1948 அமெரிக்கத் தேர்தலில், அதிபர் ட்ரூமனை எதிர்த்து நின்ற டூவி ஜெயிப்பார் என்று சொன்னவர்களும் இதைத்தான் செய்தார்கள். கருத்துக்கணிப்பாளர்களில் ரோப்பர் செப்டம்பரிலேயே கேட்பதை நிறுத்திவிட்டார், காலப் அக்டோபர் நடுவில் நிறுத்தினார், முடிவெடுக்காதவர்களும் மற்றவர்களைப் போலவே பிரிவார்கள் என்று வைத்துக்கொண்டார்கள். காலப்பின் கடைசிக் கணிப்பில் டூவி 49.5, ட்ரூமன் 44.5. வாக்கு எண்ணியபோது ட்ரூமன் 49.6, டூவி 45.1. டூவி ஜெயித்துவிட்டார் என்று தலைப்புப் போட்ட நாளிதழை ட்ரூமன் சிரித்துக்கொண்டே தூக்கிக் காட்டுகிற படம் உங்கள் அலுவலகத்திலும் இருக்கும்.

அடுத்த முறை கணிப்பு போடும்போது அந்த இரண்டு வரிகளையும் தனியே அச்சிடுங்கள். எட்டில் எத்தனை பேர் வாக்களிக்கப் போவது உறுதி என்றார்கள், எத்தனை பேர் இருவரையும் பிடிக்கவில்லை என்றார்கள் என்பதையும் நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். அவர்களிடம் கட்டாயம் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். எந்தத் தேதியில், எந்த நேரத்தில் கூப்பிட்டார்கள் என்பதையும் கேளுங்கள். மாலை ஏழரை என்றால் அந்த அம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லாரி ஓட்டுநர் இருந்தார். நான்கு வாரத்தில் மூன்று முறை பேசினேன், மூன்று முறையும் எட்டு, சாய்வுக் கேள்விக்கும் எட்டு. "ஒருத்தன் திருடன், ஒருத்தன் கோமாளி, நீங்களே சொல்லுங்கம்மா" என்பார். எங்களுக்குச் சொல்ல அனுமதி இல்லை. தேர்தல் முடிந்த மறுவாரம் கூப்பிட்டேன். வண்டி ஓடுகிற சத்தம் கேட்டது, ஓரமாக நிறுத்துகிறேன் என்று சொல்லி நிறுத்தினார்.

"ஓட்டு போட்டீங்களா அண்ணே?"

"போட்டேன்மா. வரிசையில நிக்கறப்பதான் முடிவு பண்ணேன்."

"யாருக்குன்னு சொல்ல முடியுமா?"

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அதை மட்டும் கேக்காதம்மா" என்றார்.

நான் ஒன்பதை அழுத்தினேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி
(பெயரை வெளியிட வேண்டாம்)